மூட்டைப்பூச்சி யாருடையது?

1

நாங்கள் லண்டனுக்கு வந்து ஐந்து வருஷம் நிறைந்த வாரத்தில், என் மகள் ரீத்தாவின் தலையணை உறை மடிப்பில் ஒரு மூட்டைப்பூச்சியைப் பிடித்தேன். ஐந்து வருஷம் ஆனதற்கு ஒரு கேக் வாங்கலாம் என்று என் மனைவி ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். வாங்கவில்லை.

லண்டனில் மூட்டைப்பூச்சியா என்று ஊரில் கேட்பீர்கள். இருக்கிறது. கரப்பான் இருக்கிறது, கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சி இருக்கிறது, புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சி இருக்கிறது. கோட்டுப் போட்டுக்கொண்டு படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறவன் எவனும் இதை எழுதமாட்டான். நானும் அப்படிப் படம் அனுப்பியவன்தான். அந்தக் கோட்டு என்னுடையது இல்லை.

பூச்சிகளை எனக்கு நன்றாகத் தெரியும். பாலக்கரையில் பிறந்தவன் நான். ஐம்பதுகளில் மலேரியா ஒழிப்புக்கு ஆள் எடுத்தபோது தற்காலிக வேலையில் சேர்ந்து, நாலு வருஷம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீடு வீடாக டி.டி.டி. அடித்தேன். அடித்தது கொசுவுக்கு. ஆனால் ஒரு வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்க்கிறவனுக்கு அங்கே இருக்கிற எல்லாப் பூச்சியும் கண்ணில் படும். எந்த வீட்டில் எந்த மூலையில் எது இருக்கும் என்று வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன். இப்போது இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கொதிக்கிற நீராவியில் விரிப்புகளை வேகவைக்கிறேன். அந்தச் சூட்டில் எந்தப் பூச்சியும் மிஞ்சாது. என் வீட்டு விரிப்பை அங்கே கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் ஏன் என்று கேட்பார்கள்.

எங்கள் வீடு என்பது ஒரு மாடி அறை. படிக்கட்டு ஓரத்தில் ஒரு காஸ் அடுப்பு. இந்த அறை கிடைக்க எத்தனை கதவு தட்டினோம் என்று எழுதினால் ஊரில் நம்பமாட்டீர்கள். கறுப்பர்களுக்கு இல்லை என்று ஜன்னலிலேயே அட்டை எழுதி வைத்திருந்தார்கள். அட்டை வைக்காத இடத்தில் கதவைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இப்போதுதான் அறை போய்விட்டது என்றார்கள். கடைசியில் மிஸஸ் டாலி என்ற கிழவி கொடுத்தாள். அறைக்குப் போன வருஷம்தான் புதுக் காகிதம் ஒட்டினேன், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். இங்கே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதில்லை. பூப்போட்ட காகிதத்தைப் பசை தடவி ஒட்டுகிறார்கள். அந்த அறையில் மூன்று வருஷம் இருந்துவிட்டோம். அது போனால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. இந்தக் குறிப்பு முழுக்க அந்த அறையைப் பற்றியதுதான்.

2

படிக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

கொசு கடித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடிக்கும். மூட்டைப்பூச்சி கடித்தால் மூன்று நாலு தடிப்பு ஒரே வரிசையில் இருக்கும். நடந்துகொண்டே கடிக்கிற ஜந்து அது. விரிப்பில் பூச்சியைத் தேடாதீர்கள், கிடைக்காது. கட்டில் சட்டம் சேருகிற இடுக்கு, மெத்தையின் தையல் ஓரம், படத்தின் பின்பக்கம், சுவர் விரிசல், இங்கே பாருங்கள். மைப்பேனா நுனியால் தொட்டமாதிரி கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது அதன் எச்சம். ரவை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் முட்டை. பழுப்பாகச் சருகு மாதிரி உதிர்ந்தால் அது கழற்றிப் போட்ட தோல். இந்த மூன்றும் இருந்தால் பூச்சி அங்கே குடியிருக்கிறது. ஒற்றைப் பூச்சி மட்டும் இருந்தால் பஸ்ஸிலோ சினிமாக் கொட்டகையிலோ ஒட்டிக்கொண்டு வந்தது.

கொதிக்கிற தண்ணீர்தான் மருந்து. இடுக்கில் ஊற்றுங்கள். முட்டை சாகாது என்று நினைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை திரும்ப ஊற்றுங்கள். டி.டி.டி. தூளைப் பாயில் தூவுகிறீர்களே, குழந்தை தலையில் பேனுக்கு என்று தேய்க்கிறீர்களே, அதை நிறுத்துங்கள். நாலு வருஷம் அந்தத் தூளை மூக்கில் இழுத்தவன் சொல்கிறேன்.

ரீத்தாவின் தலையணையில் பிடித்தது ஒற்றைப் பூச்சி. ஆனால் அவள் முழங்கையில் நாலு தடிப்பு வரிசையாக இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். அவளுக்குப் பதினோரு வயது. கையைப் பின்னால் கொண்டுபோனாள். பள்ளிக்கூடத்து நர்ஸ் பார்த்துவிட்டாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரீத்தா அவளிடம் விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். விழுந்தால் இப்படியா தடிக்கும்? நர்ஸுக்குத் தெரியாதா?

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். இந்த ஊரில் வெயில் அடித்தால் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். நான் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து, மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் பின்முற்றத்துச் சுவரில் சாய்த்துவைத்தேன். கட்டிலைக் கழற்றிச் சட்டங்களைக் கொண்டுவந்து அடுக்கினேன். ஸ்டெல்லா தண்ணீர் கொதிக்கவைத்துக் கெட்டிலில் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் இடுக்கு இடுக்காக ஊற்றினேன். பிறகு மெத்தையைத் துடைப்பக் கட்டையால் அடித்தேன்.

பாலக்கரையில் இது ஒரு விஷயமே இல்லை. சித்திரை வெயிலில் தெருவே கட்டிலும் பெஞ்சுமாகக் கிடக்கும். ஒரு வீட்டில் அண்டாவில் தண்ணீர் கொதித்தால் நாலு வீட்டுக் கட்டிலுக்கு ஊற்றுவார்கள். கோயில் பெஞ்சு, கட்டையன் டீக்கடைப் பெஞ்சு, பள்ளிக்கூட வாத்தியார் நாற்காலி எல்லாம் வரும். உன் வீட்டுப் பூச்சி கொழுத்திருக்கு, உன் மாமியார் ரத்தம் குடிச்சதா என்று கேலி பேசிக்கொண்டே ஊற்றுவார்கள். பூச்சி இருப்பதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. தெருவில் எல்லாருக்கும் இருந்தது.

இங்கே நான் அடித்த அடியின் சத்தத்துக்கு ஒவ்வொரு ஜன்னலாகத் திரை விலகியது. அடுத்த வீட்டுக்காரி காயப்போட்டிருந்த துணிகளை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கையை ஆட்டினேன். சூடான தண்ணீர் வேண்டுமா, உங்கள் கட்டிலுக்கும் ஊற்றட்டுமா என்றுகூடக் கேட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெயில் இரண்டு மணி நேரம் இருந்தது. மெத்தை சூடாகக்கூட ஆகவில்லை. நம் ஊர் வெயில் என்று நினைத்துப் போட்டது என் முட்டாள்தனம். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் அதை எல்லார் கண்ணிலும் படும்படி போட்டது.

4

திங்கட்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. இரண்டு வாரத்தில் அறையைக் காலி செய்யவேண்டும். காரணம்: குடியிருப்பவர்கள் வெளிநாட்டுச் சாமான்களோடு பூச்சியைக் கொண்டுவந்து வீட்டைக் கெடுத்துவிட்டார்கள்.

வெளிநாட்டுச் சாமான் என்பது எங்கள் தகரப்பெட்டி. கட்டிலுக்கு அடியில் இருக்கும். அதில் ஸ்டெல்லாவின் கல்யாணப் புடவை, ஞானஸ்நானச் சீட்டுகள், ஒரு சின்ன மாதா சுரூபம், இவ்வளவுதான். அந்தப் பெட்டி இருப்பது கிழவிக்கு எப்படித் தெரியும்? அவள் எங்கள் அறைக்குள் வந்ததே இல்லை.

ஸ்டெல்லா கடிதத்தை மடித்துவைத்தாள். பிறகு ரீத்தாவைப் பார்த்தாள். ரீத்தா தானே சொன்னாள். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைக் கிழவி படிக்கட்டில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். அப்பாவின் பெட்டியிலிருந்துதான் வந்தது, இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பெட்டி என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"நீ பாத்தியா, பெட்டியில?" என்று கேட்டேன்.

"பாக்கல."

"பின்னே ஏன் சொன்னே?"

இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தாள். தமிழில் சொல்லு என்றேன். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னாள்.

"பெட்டின்னு சொன்னா பெட்டியத் தூக்கிப் போடுன்னு சொல்லுவாங்க. போட்டுட்டா முடிஞ்சிரும். நீங்கதான் மெத்தையைக் கொண்டுபோய் எல்லாருக்கும் காமிச்சீங்க. நான் காமிக்கல."

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஸ்டெல்லா என் கையைப் பிடிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "அவ சொன்னதுல பாதி சரிதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

அந்தப் பெட்டியை அன்றைக்கே தலைகீழாகக் கொட்டி ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை, ஒரு தோல் இல்லை. தகரத்தில் மூட்டைப்பூச்சி தங்காது. கால் வழுக்கும். அதற்கு மரமும் துணியும் காகிதமும் வேண்டும். இது பாலக்கரைப் பிள்ளைக்குத் தெரியும். கிழவிக்குத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது.

5

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஸ்ரீரங்கத்தை நினைத்தேன். நினைக்க விரும்பவில்லை. ஆனால் அதே மாதிரி ஒரு கடிதத்தை நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை எழுதினால் நான் அயோக்கியன்.

டி.டி.டி. அடிக்க இரண்டு பேர் வேண்டும். தண்ணீரில் கரைத்த மருந்து வாளியில் இருக்கும். ஒருவன் வாளியில் பம்பை நிறுத்திக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அழுத்துவான். இன்னொருவன் நீளமான ரப்பர்க் குழாயின் முனையைப் பிடித்துச் சுவரில் அடிப்பான். சத்திரத்தில் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கினால் எங்களுக்கு ஒரு சிக்கல். ஐயங்கார் வீடுகளில் எங்களைச் சமையல்கட்டுக்குள்ளும் பெருமாளை வைத்திருக்கிற கோயிலாழ்வார்ப் பக்கமும் விடமாட்டார்கள். ஆனால் எல்லா அறையிலும் அடித்ததாகச் சுவரில் தேதி எழுதவேண்டும் என்பது உத்தரவு. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று பம்பை அழுத்துவேன். வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்து குழாய் முனையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அவரே அடிப்பார். குழாய் மட்டும் நிலைப்படியைத் தாண்டும். குழாய்க்குத் தீட்டு இல்லை. எவ்வளவு அடித்தார், எங்கே அடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் தேதி எழுதிவிட்டுப் போவேன்.

சித்திரை வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நீளமான வீடு. முன்பக்கம் சொந்தக்காரர். பின்பக்கம் வரதராஜன் என்று தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு வாடகைக்கு இருந்தார். நாங்கள் மருந்து அடித்துப் பத்து நாள் கழித்து வரதராஜன் ஆபீசுக்கு வந்து புகார் கொடுத்தார். மருந்து அடித்த பிறகு மூட்டைப்பூச்சி பட்டப்பகலில் சுவரில் ஊர்கிறது, குழந்தைகள் தூங்க முடியவில்லை என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஒரு வருஷமாகவே நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் எல்லாம் செத்தன. பிறகு சாகவில்லை. மருந்து பட்டதும் எரிச்சலில் விரிசலை விட்டு வெளியே வந்து அலைந்தன. மருந்துதான் பூச்சியை வளர்க்கிறது என்று தெருத் தெருவாகப் பேச்சு. சில வீடுகளில் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள்.

என் மேஸ்திரி என்னை விசாரிக்க அனுப்பினார். போகும்போதே சொல்லிவிட்டார், மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதாதே என்று. "அப்படி எழுதினா மருந்தை யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க. அடிச்ச உன்னத்தான் கேப்பாங்க. இந்த மாசம் நிரந்தரம் ஆகிறவங்க பட்டியல் போகுது, பாத்துக்க."

நான் போனேன். சொந்தக்காரர் முன்வாசலிலேயே என்னை நிறுத்திக்கொண்டார். எனக்கென்று தனியாக வைத்திருந்த தம்ளரில் காப்பி வந்தது. அவருக்கு வரதராஜனைக் காலி செய்யவைக்க வேண்டும், மகனுக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, சட்டப்படி காரணம் இல்லை. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"அவா கொண்டுவந்த பழைய கட்டில்லேர்ந்து வந்ததுன்னு ஒரு வரி எழுதிடேன். உனக்கு என்ன போறது?"

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கட்டிலில் புள்ளி இருந்தது. சுவரிலும் இருந்தது. சுவரில் இருந்தது பழசு, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பல பூச்சுக்கு அடியில் கறுத்துப்போனது. நன்றாகத் தெரிந்தது. கட்டிலை மட்டும் எழுதினேன். குடித்தனக்காரரின் அசுத்தமான சாமான்களே காரணம் என்று, ஆபீஸ் பாஷையில், அழகாக எழுதினேன்.

ஆறு மாதம் கழித்து அதே சந்தில் போனபோது வரதராஜன் வீட்டுச் சாமான் மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி இரண்டு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு எதிர்த்த வீட்டு நிழலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் திருப்பவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு கிட்டே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"நீங்க எழுதினதைக் கோர்ட்டுல காமிச்சா. வாசிச்சேன். கையெழுத்து நன்னா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வண்டிக்காரனுக்கு வழி சொல்லப் போய்விட்டார்.

நான் நிரந்தரம் ஆகவில்லை. பட்டியலில் வேறு ஒருவன் பெயர் போயிற்று. அதனால் கணக்குச் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆகவில்லை.

6

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கவுன்சில் என்கிற இந்த ஊர் முனிசிபாலிட்டியின் சுகாதார ஆபீசுக்குப் போனேன். கிழவிக்கு எதிராக ஓர் அதிகாரியை நானே கூப்பிடப்போகிறேன் என்று சொன்னதும் ஸ்டெல்லா பயந்தாள். வருகிறவன் வெள்ளைக்காரன், அவன் கிழவி பேச்சைத்தான் கேட்பான், நாமே போய்த் தலையைக் கொடுப்பதா என்றாள். சரியான பயம்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் பேசினேன். என் இங்கிலீஷ் திருச்சி ஆபீஸ் காகிதங்களில் படித்தது. தங்கள் சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்று ஆரம்பித்தால்தான் எனக்கு அடுத்த வரி வரும். அப்படியே ஆரம்பித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பெயர் கேட்டாள். ஆரோக்கியசாமி என்றேன். மூன்று தடவை எழுத்துக் கூட்டினேன். கடைசியில் மிஸ்டர் சாமி என்று எழுதிக்கொண்டாள். எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், எப்போது வந்தீர்கள், என்ன சாமான் கொண்டுவந்தீர்கள் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அறையில் எத்தனை வருஷமாகப் பூச்சி இருக்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை.

இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை மாலை வந்தார். மெலிந்த மனிதர், தலை நரைத்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், பூச்சி இருக்கிற வீட்டில். மிஸஸ் டாலி அவர் பின்னாலேயே மேலே ஏறிவந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இந்த ஜனங்கள் வருகிறவரை என் வீட்டில் ஒரு பூச்சி கிடையாது என்றாள். அதை இரண்டு மூன்று விதமாகச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் கட்டிலைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். தகரப்பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கையில் இருந்த அச்சடித்த பாரத்தில் பேனாவை வைத்தார். அந்தப் பாரத்தை எனக்குத் தெரியும். வேறு பாஷை, வேறு காகிதம், அதே பாரம். எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம், அதற்கு எதிரே அரை வரி இடம். அந்த அரை வரியில் ஒரு குடும்பம் வெளியே போய்விடும்.

"சுவரைப் பாருங்கள், ஐயா" என்றேன்.

சுவரில் ஒன்றும் இல்லையே என்றார். பச்சைக் கோடு போட்ட காகிதம் சுத்தமாகத்தான் இருந்தது. அடியில் பார்க்கவேண்டும் என்றேன். கிழவி குறுக்கே வந்தாள். காகிதத்தில் கை வைத்தால் இன்றைக்கே வெளியே போகவேண்டும் என்றாள். நான் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். ரீத்தா அவள் முந்தானைக்குப் பின்னால் நின்றாள்.

"கிழிங்க. எப்படியும் போகச் சொல்லிட்டா. கிழிச்சுட்டே போவோம்" என்றாள் ஸ்டெல்லா.

கட்டில் தலைமாட்டில் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன். பெரிய துண்டாக வந்தது. அதற்கு அடியில் ஒரு ரோஜாப்பூக் காகிதம். பூவின் மேலெல்லாம் கறுப்புப் புள்ளிகள், பசைக்கு அடியில் மங்கிக் காய்ந்து கிடந்தன. ரோஜாவையும் இழுத்தேன். அடியில் பழுப்புக் காகிதம். அதிலும் புள்ளிகள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஓர் இடத்தில் காகிதம் உப்பியிருந்தது. அங்கே தட்டியதும் தோல்களும் பூச்சிகளும் ஒரு கை அளவு கொட்டின.

நான் என்னுடைய ஆபீஸ் இங்கிலீஷிலேயே சொன்னேன். மேல் காகிதம் நாங்கள் வருவதற்கு முந்தின வருஷம் ஒட்டியது, இந்த அம்மாளே சொன்னார். புள்ளிகள் அந்தப் பசைக்கு அடியில் இருக்கின்றன. ஆகவே நாங்கள் வருவதற்கு முன்பே பூச்சி இருந்தது. இத்தனை நாள் குளிரில் ஒடுங்கிக் கிடந்தது. இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் குளிர் காய ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி அறையைச் சூடாக்கியதும் வெளியே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். யுத்தத்துக்கு முந்தினதாகக்கூட இருக்கும் என்றார். எங்கே இதெல்லாம் கற்றீர்கள் என்று கேட்டார். திருச்சி என்றேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பாரத்தில் எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டினார். பூச்சி சுவரில் பல வருஷங்களாக இருக்கிறது, குடியிருப்பவர்கள் பொறுப்பல்ல, வீட்டுச் சொந்தக்காரர் சுவரை உரித்து மருந்து அடிக்கவேண்டும்.

மிஸஸ் டாலி இறங்கிப்போனாள். காலி செய்யச் சொன்ன கடிதம் செல்லாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வரதராஜனுக்கு நான் செய்யாததை இவர் எனக்குச் செய்தார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

வாசல் வரை போனவர் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார். கிழவி சுவரை உரிக்கவில்லை என்றால் ஆபீசுக்கு வந்து சொல்லுங்கள், வீட்டை மூட உத்தரவு போடுவேன் என்றார். மூடினால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டேன். கவுன்சில் கொடுக்கிற வீட்டுக்கு வரிசை நீளம், அதுவரை நீங்களேதான் இடம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

7

அடுத்த சனிக்கிழமை மிஸஸ் டாலி வந்தாள். கையில் சுவர்க் காகிதச் சுருள்கள், பசைத் தூள், ஒரு டப்பா மருந்து. மூடியைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்தது. அதே டி.டி.டி. தூள். கிழிந்த இடத்தில் ஒரு கை அள்ளித் தூவினாள். பிறகு ஏணியைக் கொண்டுவரச் சொன்னாள்.

சுவரை உரிக்கவேண்டும் என்று உத்தரவு ஆயிற்றே என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். போய்ச் சொல்லுங்களேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்டெல்லா அடுப்புப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஏணியைக் கொண்டுவந்தேன். கிழவிக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. அதனால் நான்தான் ஏறினேன். அவள் கீழே இருந்து பசை கலந்து கொடுத்தாள். நாலு காகிதத்துக்கு மேல் ஐந்தாவது காகிதத்தை என் கையாலேயே ஒட்டினேன். சுருக்கம் விழாமல், ஓரம் சேரும்படி, நன்றாகவே ஒட்டினேன். நல்ல வேலைக்காரர் என்று அவள் சொன்னாள். நன்றி என்றேன்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்கிறீர்கள். எந்த வேலைக்குத் திரும்பி வருவது? இங்கே அறையை விட முடியாது. அறையில் இருக்கவும் முடியாது. நான் கேஸில் ஜெயித்தவன். ஜெயித்து எனக்குக் கிடைத்தது அந்தச் சுவர்.

புதுக் காகிதம் நீலம், அதில் சின்னச் சின்ன மஞ்சள் பூ. ரீத்தாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. காய்வதற்குள் பத்துத் தடவை வந்து தொட்டுப் பார்த்தாள். இப்போதுதான் எல்லாரும் இருக்கிற வீடு மாதிரி இருக்கிறது என்றாள். வகுப்பில் ஒரு சிநேகிதியை ஞாயிற்றுக்கிழமை டீக்குக் கூப்பிடலாமா என்று கேட்டாள். இந்த ஐந்து வருஷத்தில் அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. ஸ்டெல்லா சரி என்றாள். நானும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரீத்தா தன் கட்டிலைப் பூக்கள் பக்கமாகத் தள்ளிச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். நான் போய் ஒரு சாண் இழுத்துவைத்தேன். ஏன் என்று கேட்டாள். காற்று வரட்டும் என்றேன். நான் மறுபக்கம் திரும்பியதும் அவள் மறுபடியும் தள்ளினாள். நான் மறுபடியும் இழுத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, சுவரு சுத்தமாத்தானே இருக்கு?"

சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். கட்டிலை விட்டுக் கையை எடுக்கவில்லை.